சுடாத துப்பாக்கியின் கதை



சென்ற தவணை விடுமுறைக்கு முன்னர் எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். கண்ணாடிப் பேழை ஒன்றினுள் பழங்காலக் கைத்துப்பாக்கி ஒன்று கிடந்தது. மரப்பிடி கறுத்திருந்தது; இரும்புக் குழலில் துரு ஏறியிருந்தது. பிடிக்கு மேலே வளைந்த கை போன்ற ஓர் உறுப்பு சிறு கல் ஒன்றைக் கவ்விக்கொண்டிருந்தது. வகுப்பில் அதிகம் பேசாத மாணவன் ஒருவன் அதன் முன்னே நெடுநேரம் நின்றான். பின்னர் என்னிடம் வந்து, "ஐயா, இதை அழுத்தினா எப்பவும் சுடுமா?" என்று கேட்டான்.

நாற்பது பிள்ளைகளை எண்ணிச் சரிபார்க்கும் அவசரத்தில் இருந்த நான், "துப்பாக்கி என்றால் சுடத்தானே செய்யும்? வரிசையில் போய் நில்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீடு திரும்பிய பிறகுதான் அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்கள் விரிவுரைஞர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். மாணவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதது பிழையன்று. தெரிந்ததுபோல் விடை சொல்வதுதான் பிழை என்பார். அன்று நான் செய்தது அந்தப் பிழையையே. அடுத்து வந்த சில வாரங்கள் அதனைப் பற்றிப் படித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய சரியான விடை, 'எப்போதும் சுடாது' என்பதே. ஏன் சுடாது, சுடவைக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள், அவர்கள் கண்டுபிடித்த தீர்வு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பது ஒரு நெடிய வரலாறு. அவ்வரலாற்றில் நம் மூதாதையருக்கும் ஓர் இடம் உண்டு. அதனையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

கல்லும் நெருப்பும்

அந்தப் பேழையில் இருந்தது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருப்பெற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகின் போர்க்களங்களை ஆண்ட கருவி அது. அதில் இன்றைய துப்பாக்கியில் உள்ளதுபோல் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக முதலில் வெடிமருந்தைக் கொட்டுவர். அதன்மேல் ஈயக் குண்டை இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிப்பர். குழலின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவிற்கு ஒரு சிறு துளை உண்டு. தமிழில் அதனைப் பற்றுவாய் என்பர். பற்றுவாயின் வெளிப்புறத்தில் சிறு கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் ஒரு சிட்டிகை நுண்ணிய மருந்தை இட்டு மூடிவைப்பர்.

விசையை இழுத்தால், கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை என்னும் உறுப்பு பாய்ந்து எஃகுத் தகடு ஒன்றின்மீது மோதும். தகடு பின்னே சாயும். கிண்ணத்தின் மூடி திறக்கும். அதே நேரத்தில் கல் எஃகைச் சுரண்டுவதால் பிறந்த தீப்பொறிகள் கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து பற்றி எரியும். அந்தச் சுடர் பற்றுவாய் வழியே உள்ளே நுழைந்து குழலில் உள்ள மருந்தைப் பற்றவைக்கும். அதன் பிறகே வெடி. அதன் பிறகே குண்டு.

இவை அனைத்தும் ஒரு நொடிக்குள் நடந்து முடிய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இத்தனைக் கண்ணிகளில் எது அறுந்தாலும் துப்பாக்கி சுடாது.

எங்கே பிழை?

ஆகவே பழங்காலத்துப் படைவீரனும் துப்பாக்கிக் கொல்லனும் சுடாத துப்பாக்கியைக் கையில் எடுத்தால் முதலில் காதையும் கண்ணையும் பயன்படுத்துவர். ஒலியைக் கேட்டும் ஒளியைப் பார்த்துமே பிழை எந்தக் கண்ணியில் உள்ளது என்று கண்டறியலாம்.

வெறும் 'டக்' என்ற ஒலி மட்டும் எழுந்து பொறியே பறக்கவில்லை என்றால் குற்றம் கல்லிலோ எஃகுத் தகட்டிலோ உள்ளது. கல்லின் முனை சில பத்து முறை சுட்டதும் மழுங்கிவிடும். அதனைத் தட்டிப் புதிய கூர் உண்டாக்க வேண்டும்; இல்லையேல் மாற்ற வேண்டும். கல் ஆடாமல் இருக்கத் தோல் துண்டாலோ ஈயத் தகட்டாலோ சுற்றித் திருகியால் இறுக்குவர். எஃகுத் தகட்டின் முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் பொறி பறக்காது. பலமுறை சுட்டுத் தகட்டின் கடினத் தோல் தேய்ந்துவிட்டால் கொல்லனிடம் கொடுத்து மீண்டும் கடினப்படுத்த வேண்டும். உள்ளிருக்கும் வில் தளர்ந்திருந்தால் குதிரை மெல்ல விழும். அப்போதும் பொறி போதாது.

பொறி பறந்தும் கிண்ணத்து மருந்து எரியவில்லை என்றால் மருந்து ஈரம் பட்டிருக்கிறது, அல்லது கொட்டிப் போயிருக்கிறது என்று பொருள். குதிரைமீது செல்பவனின் கைத்துப்பாக்கியில் இது அடிக்கடி நேரும். குலுங்கிக் குலுங்கிக் கிண்ணத்து மருந்து சிந்திவிடும். கீழ்நோக்கிச் செருகிய குழலில் குண்டும் மெல்ல நழுவி வரும்.

கிண்ணத்தில் மருந்து பளிச்சென்று எரிந்தும் வெடி எழவில்லை என்றால் பற்றுவாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. கரும்வெடிமருந்து ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. அது எரியும்போது பாதிக்கு மேற்பட்ட பகுதி புகையாகப் போகாமல் கசடாகத் தங்கிவிடும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழம்பாகும்; பற்றுவாயை அடைக்கும். இதற்காகவே அக்காலப் படைவீரர்கள் சிறு கம்பி ஒன்றையும் தூரிகை ஒன்றையும் மார்பு வாரில் தொங்கவிட்டிருந்தனர். போரின் நடுவிலும் கம்பியால் பற்றுவாயைக் குத்தித் துப்புரவு செய்வர். வசதி படைத்தோருக்குத் துப்பாக்கி செய்த இலண்டன் கொல்லர்கள் துரு ஏறாமல் இருக்கப் பற்றுவாயின் உட்புறத்தைப் பொன்னாலும் பிளாட்டினத்தாலும் பூசினர். மழைநீர் வழிந்தோடும்படி கிண்ணத்தின் விளிம்பை அமைத்தனர். பொன் பூசிய பற்றுவாய் சாதாரணச் சிப்பாய்க்குக் கிட்டவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவை எல்லாவற்றினும் ஆபத்தானது தாமத வெடி. விசையை இழுத்தும் சுடவில்லையே என்று எண்ணிக் குழலைத் திருப்பிப் பார்த்தவர்கள் உயிரிழந்ததுண்டு. உள்ளே கனன்றுகொண்டிருந்த பொறி சில நொடிகள் கழித்து மருந்தைத் தொட்டிருக்கும். சுடாத துப்பாக்கியை ஆளில்லாத திசை நோக்கிப் பிடித்தபடி பொறுத்திருக்க வேண்டும் என்பது அன்று எழுந்த விதி. தோட்டா வந்த பிறகும் அவ்விதி மாறவில்லை. தீபாவளி நாளில் வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்க்காதே என்று நம் பாட்டிமார் அதட்டுவார்களே, அதுவும் இதுவும் ஒன்றே.

துப்பாக்கி சுடாமல் போவது எவ்வளவு இயல்பான செய்தி என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1777-ஆம் ஆண்டில் அயர்லாந்தில், இருவர் எதிரெதிர் நின்று சுட்டுக்கொள்ளும் மானச் சண்டைக்கு விதிகள் வகுத்தனர். அவற்றுள் ஒன்று, சுடாமற்போன முயற்சியும் ஒரு சூடாகவே கணக்கிடப்படும் என்பது. விதி எழுதி வைக்கும் அளவிற்கு அது அன்றாட நிகழ்வாக இருந்தது!

சென்னைக் கோட்டையில் ஒரு கதை

இந்த இடத்தில் இராபர்ட் கிளைவ் பற்றி வழங்கும் கதை ஒன்றை நினைவுகூரலாம். 1744-ஆம் ஆண்டில் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது கிளைவுக்கு வயது பதினெட்டு. நண்பர் இல்லை, கையில் பணமில்லை, வெயிலும் தனிமையும் வாட்டின. மனமுடைந்த அவ்விளைஞர் இருமுறை கைத்துப்பாக்கியைத் தம் தலையில் வைத்து விசையை இழுத்ததாகவும், இருமுறையும் அது சுடவில்லை என்றும் சொல்வர். தாம் ஏதோ பெரிய செயலுக்காகவே காப்பாற்றப்பட்டதாக அவர் கருதினாராம். மெக்காலே 1840-இல் எழுதிய கட்டுரையால் இக்கதை உலகெங்கும் பரவியது.

கதை உண்மையாக இருக்கலாம், வளர்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால், நடக்க முடியாத ஒன்றன்று. கடலோரத்துச் சென்னையின் உப்புக் காற்றில், கெட்டித்து வைத்த துப்பாக்கியின் மருந்து சில நாளிலேயே நமத்துப்போகும். அதே கிளைவ் 1751-இல் ஆற்காட்டைப் பிடித்தார். 1757-இல் பிளாசியில் வென்றார். பிளாசிப் போரிலும் மழை வந்தது. ஆங்கிலேயர் தங்கள் மருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்தனர். நவாபின் படையினர் மூடத் தவறினர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஈரமருந்து ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்ற உதவியது என்றால் அது மிகையாகாது.

வாத்து வேட்டையும் பாதிரியாரும்

இக்குறையைத் தீர்த்தவர் படைத் தலைவரும் அல்லர். துப்பாக்கிக் கொல்லரும் அல்லர். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் (1768 - 1843) என்பவரே அவர். வாத்து வேட்டையில் நாட்டமுடைய அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. கிண்ணத்து மருந்து எரியும் ஒளியைக் கண்டதும் வாத்துகள் நீருள் மூழ்கிவிடும். குண்டு போய்ச் சேர்வதற்குள் பறவை தப்பிவிடும்.

தட்டினாலே வெடிக்கும் சில வேதிப்பொருள்கள் அந்நாளில் அறியப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு பற்றவைத்தால் கல்லும் வேண்டா, கிண்ணமும் வேண்டா என்று அவர் கண்டார். நம் பிள்ளைகள் விளையாடும் பொட்டுவெடித் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் விழுந்ததும் பொட்டு வெடிக்கிறதல்லவா? கருத்து அதுவேதான்.

1806-இல் அவரை இலண்டன் கோபுரத்திற்கு அழைத்து அங்கேயே ஆய்வு செய்ய அரசு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு படைக்கலத் துறையின் தலைமை மாறியது. புதிய தலைவருக்கு இதில் நாட்டமில்லை. பாதிரியார் தம் பொருள்களை அள்ளிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1807-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் வேறு சிலர் அக்கருத்தை இன்னும் எளிமைப்படுத்தினர். தட்டினால் வெடிக்கும் பொருளைச் சிறு செப்புத் தொப்பியினுள் பூசி, குழலின் அடியில் உள்ள துளையுடைய காம்பின்மீது அத்தொப்பியைக் கவிழ்த்தனர். குதிரை அதன்மேல் விழும், தொப்பி வெடிக்கும், சுடர் நேரே உள்ளே பாயும். மழை பெய்தாலும் கவலையில்லை.

வேட்டைக்காரர்கள் உடனே இதனை ஏற்றுக்கொண்டனர். அரசோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. 1834-இல்தான் உல்விச் என்னுமிடத்தில் முறையான சோதனை நடந்தது. சிக்கிமுக்கித் துப்பாக்கிகளால் 6000 முறையும் தொப்பித் துப்பாக்கிகளால் 6000 முறையும் சுட்டுப் பார்த்தனர். முன்னது 922 முறை சுடவில்லை. பின்னது 36 முறை மட்டுமே சுடவில்லை. அதாவது, பழைய துப்பாக்கி ஏறத்தாழ ஆறரை முறைக்கு ஒருமுறை கைவிட்டது. புதியது 166 முறைக்கு ஒருமுறை கைவிட்டது.

இந்த எண்களை என் கணிதப் பாடத்திலும் பயன்படுத்தினேன். விழுக்காடு கணக்கிடச் சொன்னேன். பதினைந்துக்கு மேல் என்று ஒரு மாணவி சட்டென்று சொன்னாள். நூறு வீரர்கள் ஒரே நேரத்தில் விசையை இழுத்தால் பதினைந்து பேர் கையில் வெறும் கம்பு என்று நான் விளக்கியபோது வகுப்பு அமைதியானது.

புதியதும் பொய்த்த நாள்

தொப்பி முறை வந்ததும் குறை அறவே ஒழிந்தது என்று எண்ணிவிடலாகாது. 1835-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓர் உறுப்பினரின் இறுதிச் சடங்கு முடிந்து அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியே வந்தார். ரிச்சர்டு லாரன்ஸ் என்னும் வேலையற்ற வண்ணம் பூசுபவன் எதிரே வந்து கைத்துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தான். தொப்பி வெடித்தது, குண்டு வரவில்லை. மற்றொரு கைத்துப்பாக்கியை எடுத்தான். அதிலும் தொப்பி வெடித்தது, குண்டு வரவில்லை. அறுபத்தேழு வயதான அதிபர் கைத்தடியை ஓங்கிக்கொண்டு அவன்மீது பாய்ந்தார்!

பின்னர் அவ்விரு துப்பாக்கிகளையும் சோதித்துப் பார்த்தபோது இரண்டும் ஒழுங்காகச் சுட்டன. அப்படியானால் பிழை எங்கே? நாம் முன்னர்க் கண்ட முறைப்படி ஆராய்ந்து பார்ப்போம். தொப்பி வெடித்த ஒலியை அங்கிருந்த அனைவரும் கேட்டனர். ஆகவே குதிரையும் வில்லும் தொப்பியும் குற்றமற்றவை. சுடர் குழலுக்குள் போய்ச் சேரவில்லை. அல்லது சேர்ந்தும் மருந்து பற்றவில்லை. அன்று காற்றில் ஈரம் மிகுந்திருந்தது. மருந்து ஈரம் உறிஞ்சியிருக்க வேண்டும் என்று பலரும் கருதினர். தொப்பியை மாற்றலாம், ஆனால் உள்ளே கிடக்கும் கரும்வெடிமருந்து பழைய மருந்தேதான். மருந்தையும் குண்டையும் பற்றவைக்கும் பொருளையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்த தோட்டா பரவிய பிறகுதான் இக்குறை பெரும்பாலும் நீங்கிற்று. லாரன்ஸ் மனநலம் குன்றியவன் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவன் தன் எஞ்சிய நாள்களைக் காப்பகத்தில் கழித்து 1861-இல் இறந்தான்.

அறுபது சிப்பாய்கள்

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

1840-ஆம் ஆண்டில் அபினிப் போருக்காகச் சீனா நோக்கிச் சென்ற ஆங்கிலேயரின் படைக் கப்பல்கள் நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் ஒன்றுகூடியே புறப்பட்டன. அப்போரில் கும்பினியின் சென்னைப் படையும் பங்கேற்றது. அதில் ஒரு பிரிவு முப்பத்தேழாம் சென்னைக் காலாட்படை. சென்னைப் படையில் தமிழர், தெலுங்கர், இசுலாமியர் எனத் தென்னகத்து மக்கள் பலரும் சிப்பாய்களாக இருந்தனர்.

1841-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஆங்கிலப் படை காண்டன் நகருக்கு (இன்றைய குவாங்சோ) வடக்கே உள்ள குன்றுகளைப் பிடித்திருந்தது. படையினர் சுற்றுப்புறச் சிற்றூர்களில் கொள்ளையிட்டதாலும் கல்லறைகளைத் திறந்ததாலும் ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர். மே 30-ஆம் நாள் சன்யுவான்லி என்னும் ஊரை ஒட்டிய வயல்வெளிகளில் ஆயிரக்கணக்கான உழவர்கள் ஈட்டியும் வாளும் ஏந்தித் திரண்டனர். அவர்களை விரட்டச் சென்ற படைகளில் நம் முப்பத்தேழாம் பிரிவும் ஒன்று.

பிற்பகலில் இடியுடன் பெருமழை கொட்டியது. வயல் வரப்புகள் நீரில் மறைந்தன. பின்வாங்கும்போது ஏறத்தாழ அறுபது சிப்பாய்கள் கொண்ட ஒரு கம்பெனி வழி தவறித் தனித்துப் போயிற்று. சிறிது நேரத்தில் ஊர் மக்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். சிப்பாய்கள் விசையை இழுத்தனர், துப்பாக்கிகள் சுடவில்லை. அவர்கள் கையில் இருந்தவை சிக்கிமுக்கித் துப்பாக்கிகள்!

நாற்புறமும் முகம் காட்டிச் சதுரமாக நின்று, துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிக் கத்தியால் மட்டுமே அவர்கள் தற்காத்துக்கொண்டனர். மழை சற்று விட்டபோது நனைந்த மருந்தை வெளியே எடுத்துக் குழலைத் துடைத்து உலர்த்த முயன்றனர். உடலில் நனையாமல் எஞ்சியிருந்த துணி தலைப்பாகையின் உள்மடிப்பு மட்டுமே. அதனைக் கிழித்தே துடைத்தனர் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. வீழ்ந்த சிப்பாய் ஒருவரின் துப்பாக்கியை ஊரார் ஒருவர் எடுத்தாராம். கிண்ணத்தில் உலர்ந்த மருந்தை இட்டுத் தம்மிடம் இருந்த எரிதிரியை வைத்தாராம். அது சுட்டது, ஆங்கில அதிகாரி ஒருவர் காயமுற்றார். பாருங்கள்! குழலுக்குள் இருந்த மருந்து உலர்ந்தே இருந்திருக்கிறது. பிழை கிண்ணத்து மருந்தில்தான். பாதிரியாரின் செப்புத் தொப்பி தீர்த்து வைத்திருந்ததும் சரியாக அந்தப் பிழையைத்தான்.

காணாமற்போனவர்களைத் தேடத் தளபதி ஹியூ கஃப் இரண்டு கம்பெனி கப்பற்படைக் காலாட்களை அனுப்பினார். அவர்களிடம் இருந்தவை தொப்பித் துப்பாக்கிகள். கொட்டும் மழையிலும் அவை சுட்டன. கூட்டம் விலகியது; சிப்பாய்கள் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்திருந்தார். பத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றிருந்தனர்.

சன்யுவான்லி நிகழ்வைச் சீனர்கள் தங்கள் மக்கள் எழுச்சியின் தொடக்கமாகப் போற்றுகின்றனர். அங்கே நினைவகமும் உண்டு. அது நியாயமே. தம் மண்ணையும் முன்னோர் கல்லறைகளையும் காக்க எழுந்தவர்கள் அவர்கள். நம்மவர்களோ அயலாரின் அபினி வணிகத்திற்காகக் கூலிக்குப் போய் நின்றவர்கள். யாருடைய பக்கம் நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், சேற்று வயலில் சுடாத துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சதுரமாக நின்ற அந்த அறுபது பேரை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களை வழிநடத்திய வெள்ளை அதிகாரிகளின் பெயர்களைப் படித்தேன். சிப்பாய்களின் பெயர்கள் நான் படித்த நூல்களில் இல்லை.

மழை மட்டுமா குற்றவாளி?

காப்புரிமை பெற்றது 1807-இல். சோதித்து உறுதி செய்தது 1834-இல். சிப்பாய்கள் மழையில் நின்றது 1841-இல். இடைப்பட்ட காலம் 34 ஆண்டுகள். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது; அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று அக்களத்தில் நின்ற வெள்ளையர் படைப்பிரிவுகளுள்ளும் சிக்கிமுக்கித் துப்பாக்கி வைத்திருந்தோர் இருந்தனர். அவர்களும் மழையில் தவித்தனர். ஆகவே தோல் நிறம் பார்த்து மட்டும் செய்த வஞ்சனை என்று சொல்லிவிட முடியாது. கிடங்குகளில் குவிந்து கிடந்த இலட்சக்கணக்கான பழைய துப்பாக்கிகளை மாற்றப் பணம் செலவாகும் என்ற கணக்கு அது. ஆனால் அத்தகைய கணக்கில் கடைசி வரிசையில் நிற்பவர் யார் என்பதும் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலப் படைக்குப் புதிய துப்பாக்கி 1830-களின் இறுதியிலும் 1840-களிலும் வந்தது. கும்பினியின் இந்தியப் படைகளுக்கு அதன் பின்னரே படிப்படியாக வந்தது. பாதிரியார் ஃபோர்சைத்துக்கும் இதே கதைதான். அவர் 1843-இல் இறந்தார். அரசு மனமிரங்கி அளித்த 1000 பவுன் அவர் மறைந்த பின்னர் உறவினர்க்கே போய்ச் சேர்ந்தது.

சென்ற வாரம் அந்த மாணவனைத் தனியே அழைத்தேன். "அன்று நான் சொன்ன பதில் தவறு. அது எப்போதும் சுடாது. நூறு முறை இழுத்தால் பதினைந்து முறை சுடாது, மழை வந்தால் அதுவும் கிடையாது" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. பிறகு சன்யுவான்லி கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். முடித்ததும், "நல்லது கண்டுபிடிச்சிட்டாங்க இல்ல ஐயா, அப்புறம் ஏன் அவங்களுக்குக் கொடுக்கல?" என்றான்.

செலவாகும் என்று கொடுக்கவில்லை என்றேன். "அறுபது துப்பாக்கி எவ்வளவு ஐயா ஆகும்?" என்று கேட்டான்.

இந்த முறை நான் தெரிந்ததுபோல் விடை சொல்லவில்லை. கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன். நானும் எழுதிவைத்திருக்கிறேன்.